வீட்டுக் கடைசலில் ஓர் இசைத்தட்டு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புரவை நோக்கி ஏறும் பாதையில், மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களும், மரநிழலில் ஒடுங்கிய ஏலச் செடிகளும், தேயிலை நிரைகளும் ஒவ்வொன்றாகப் பின்தங்கிப் போக, வளைவுக்கு வளைவு குளிர் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் மரங்கள் குட்டையாகிப் புல்வெளி தலைகாட்டும் இடத்தில் ரிவர்ஸ்டன் என்னும் மலைமுகடு எதிர்ப்படுகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த இந்த முகட்டில் பிரயாணியை முதலில் வரவேற்பது காற்றுத்தான். பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்குக்கூடக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களோ அந்தக் காற்றைச் சற்றும் லட்சியம் செய்யாமல், எங்கெங்கோ பேசப்படும் பேச்சுகளை மலைக்கு இப்புறமும் அப்புறமும் கடத்தியவண்ணம் இருக்கின்றன. ஒலியைக் கடத்துவதற்கு இத்தனை உயரமும் இத்தனை இரும்பும் தேவைப்படுகின்றன. அதை ஓரிடத்தில் பிடித்து வைப்பதற்கு ஒரு கனத்த மேசையும், ஒரு திருகுத்தண்டும், ஓர் ஊசியும் ஏறக்குறையப் போதும் என்று சொன்னால், நம்மில் பலர் நம்பத் தயங்குவார்கள்.

இசைத்தட்டு என்றால் அது கம்பனியாரின் பெரிய ஆலையில்தான் உற்பத்தியாக வேண்டும் என்பது நம்முடைய பழக்கமான எண்ணம். ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு ஆலை வேண்டும் என்பது மெய்யே. ஆனால் அந்த ஆயிரத்துக்கும் மூலமான முதல் தட்டு, இசை ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே, ஒரு கடைசல் யந்திரத்தில் ஒற்றைத் தட்டாக வெட்டப்படுவது. கராஜிலும் லேத் பட்டறையிலும் இரும்பைக் கடைகிற ஒருவர் இந்த யந்திரத்தைப் பார்த்தால், இது தமக்குத் தெரிந்த யந்திரத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்பதை உடனே கண்டுகொள்வார். பட்டறைக் கடைசலில் இரும்பு சுழல, உளி மெல்ல நகர்ந்து புரி வெட்டுகிறது. இங்கே தட்டு சுழல, ஊசி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்ந்து ஒரே நீண்ட சுருள்வரியை வெட்டுகிறது. வித்தியாசம் என்னவென்றால், இந்த ஊசி நகரும்போதே இசைக்கேற்ப நடுங்குகிறது. அந்த நடுக்கம் வரியின் இரு சுவர்களிலும் நெளிவாகப் பதிந்துவிடுகிறது. தாமஸ் எடிசன் 1877-இல் தகரத்தாள் சுற்றிய உருளையில் மேலும் கீழுமாகப் பதிந்ததை, எமில் பெர்லினர் பத்து வருஷங்களுக்குப் பின் தட்டையான வட்டில் பக்கவாட்டு நெளிவாக மாற்றினார். சாஸ்திரம் அன்றோடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். மீதி எல்லாம் கைத்தொழில்.

அந்தக் கைத்தொழிலின் அளவுகள்தான் மனிதனைப் பயமுறுத்துகின்றன. 12 அங்குல நெடுந்தட்டு ஒன்றில் ஒலி பதியும் வளையத்தின் அகலம் ஏறத்தாழ 86 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் 10 வரிகள் என்று வைத்துக்கொண்டால், 860 சுற்று. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகிறபடியால், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 26 நிமிஷம் பாட்டு அடங்கும். அந்த வரியைப் பிரித்து நீட்டினால் அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும். வரியின் அகலமோ மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. அடுத்த வரிக்கும் இதற்கும் நடுவே விடப்படும் வரப்பும் அவ்வளவே. அந்த வரப்பு உடைந்தால் ஒரு சுற்றின் பாட்டு மறு சுற்றுக்குள் புகுந்து, கேட்கும்போது ஊசி தாவிவிடும்.

இவ்வளவு நுட்பமான நகர்வை வீட்டில் எப்படி உண்டாக்குவது? ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் 6 மில்லிமீற்றர் புரிக்கம்பியில், ஒரு புரிக்கும் மறுபுரிக்கும் இடையே உள்ள தூரம், அதாவது பள்ளிக்கூடத்தில் புரியிடைத் தூரம் என்று படித்தது, சரியாக 1 மில்லிமீற்றர். தட்டு பத்துச் சுற்று சுற்றும்போது இந்தக் கம்பி ஒரே ஒரு சுற்று சுற்றும்படி பெல்ட்டையும் கப்பியையும் அமைத்துவிட்டால், அதன்மேல் ஓடும் நட்டு, தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். அந்த நட்டோடு வெட்டுத்தலையைப் பிணைத்து, அது இப்படி அப்படி ஆடாமல் நேர்கோட்டில் செல்வதற்கு இரண்டு வழுவழுப்பான உருக்குத் தண்டுகளைப் பாலம்போல் தட்டின் மேலாக மாட்டிவிட்டால், யந்திரத்தின் எலும்புக்கூடு தயார். இக்காலத்தில் கப்பிக்குப் பதிலாக ஸ்டெப்பர் மோட்டாரைக் கொண்டு தண்டைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது சௌகரியம்தான், ஆனால் அந்த மோட்டார் படிப்படியாகத் துடித்துத் துடித்துச் சுழல்வதால், அதன் முனகலும் பாட்டோடு பாட்டாகப் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுழல்தட்டைப் பொறுத்தவரையில், கேட்பதற்கென்று செய்த சாதாரணப் பெட்டி உதவாது. வெட்டும் ஊசியின் இழுவைக்கு ஈடுகொடுக்கும் வலிமை அதன் மோட்டாரில் இல்லை. ஜெர்மனியிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் இத்தகைய சிறு வெட்டுக் கருவிகளைச் செய்து விற்பவர்கள், டெக்னிக்ஸ் கம்பனியாரின் எஸ்.எல்.-1200 என்னும் பலமான சுழல்மேசையையே அடித்தளமாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இப்படி ஒன்றைச் செய்து முடித்தவர் ஆவலோடு முதலில் ஒரு பாட்டை வெட்டிப் பார்க்க விரும்புவார். அது கூடாது. முதலில் வெட்ட வேண்டியது ஒன்றுமில்லாத வரியை; இசை எதையும் செலுத்தாமல் ஊசியை வெறுமே ஓடவிட்டு, பின்பு அந்த வரியைப் போட்டுக் கேட்க வேண்டும். இசை இருந்தால் அது யந்திரத்தின் குற்றங்களையெல்லாம் தன் ஆரவாரத்தில் மறைத்துவிடும். இல்லாதபோது ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வெளியே வரும். இடைவிடாத உறுமல் கேட்டால் அச்சின் பெயரிங்கைப் பார்க்க வேண்டும். கனத்த ஒரே சுருதி ரீங்காரமாகக் கேட்டால் அது மின்சாரத்தின் விநாடிக்கு 50 சுழற்சி, மோட்டாரின் வழியாகவோ கம்பியின் வழியாகவோ புகுந்தது. 1.8 விநாடிக்கு ஒரு முறை ஒரு தட்டல் கேட்டால் தப்பு சுழல்தட்டில் இருக்கிறது. அதே தட்டல் 18 விநாடிக்கு ஒரு முறை தலைகாட்டினால், திருகுத்தண்டு எங்கோ மயிரிழை வளைந்திருக்கிறது என்று, கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பாட்டை வெட்டுவது ஒரு நாள் வேலை; இந்தச் சப்தமின்மையை வெட்டுவதில்தான் மாதங்கள் கழிகின்றன. இவ்வேலையில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான் என்பதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

வெட்டுத்தலையைச் செய்வது வேறுவகைச் சோதனை. ஒரு சிறிய ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைக் களைந்துவிட்டு, அதன் கம்பிச்சுருளோடு ஒரு மெல்லிய கோலை ஒட்டி, அந்தக் கோலின் மறுமுனையை ஊசி தாங்கிய சிறு நெம்பில் இணைத்து, நெம்பு தேவையற்று அதிராதிருக்க ரப்பர்த் துண்டுகளால் அடக்கி வைத்தால், ஒற்றை ஒலிக்குரிய தலை ஒன்று கிடைத்துவிடும். ஸ்டீரியோ வேண்டுமானால் இத்தகைய இரண்டை ஒன்றுக்கொன்று செங்கோணமாக, தட்டுக்கு 45 பாகை சாய்வில் நிறுத்த வேண்டும். இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டுவிட்டார், உலகம் அதைக் கடைக்குக் கொண்டுவரக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

மலைநாட்டுத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைக் களத்துக்கு அழைக்க முழங்கிய பெரட்டுத் தப்பு என்னும் பறையை இந்தத் தலையைக் கொண்டு பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். தப்பின் ஆழ்ந்த முழக்கம் ஊசியை வெகுதூரம் இடமும் வலமும் வீசியடிக்கும். மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கான வரப்பு அந்த வீச்சுக்கு எம்மாத்திரம்? ஆகவே வெட்டுவதற்கு முன் அடிநாதத்தை வேண்டுமென்றே குறைத்துவிடுகிறார்கள். மறுபுறத்தில், ஊசியின் உராய்வில் பிறக்கும் மெல்லிய சீற்றம் உச்சநாதங்களை மூழ்கடித்துவிடாதபடி, அவற்றைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது அம்ப்ளிபயரில் இதற்கு நேர் எதிராகச் செய்து சமன்படுத்துகிறார்கள். கம்பனிக்குக் கம்பனி ஒவ்வொரு கணக்கு வைத்திருந்ததை 1954-இல் அமெரிக்க ஒலித்தட்டுத் தொழில்துறையினரின் சங்கம் ஒரே முறைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் அதுதான் வழக்கு. உச்சநாதத்தைக் கூட்டுவதில் ஓர் அபாயமும் உண்டு. சகர ஒலி மிகுந்த ஒரு வரியைப் பாடகர் அழுத்தமாகப் பாடினால், அந்தச் சீறலுக்கு ஈடுகொடுக்கத் தலையின் கம்பிச்சுருளில் பாயும் மின்சாரம் அதைச் சூடேற்றி எரித்தே விடக்கூடும். நம்முடைய பக்திப் பாடல்களில் 'சிவ சிவ' என்பது எத்தனை தடவை வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், தமிழ்ப் பாட்டு வெட்டுகிறவர் கூடுதலான ஜாக்கிரதையோடு இருக்க வேண்டியவர் என்று தோன்றுகிறது.

தட்டு எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்வியில் மாத்தளைக்கு ஒரு தனிச் சொந்தம் உண்டு. 78 சுற்றுக் காலத்து இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. கற்பொடியோடு பிசைந்த அரக்கை அச்சில் அழுத்தி வார்த்தார்கள். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே உலகத்துக்குப் போயிற்று. அதே அரக்கைச் சூடாக்கி நூல்போல் இழுத்து, மரத்தண்டின்மேல் சுற்றி, பெருவிரல் நகத்தால் கிள்ளிக் கோலமிடும் ஒரு கலை இந்த மாவட்டத்தின் ஹபுவிட என்னும் ஊரில் பரம்பரையாக நடந்து வருகிறது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், இந்த நகவேலையையும், சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்தி உராய்வுச் சூட்டிலேயே வர்ணம் பூசும் கடைசல் வேலையையும் வகைபிரித்து எழுதியிருக்கிறார். சுழலும் பொருள், உருகும் அரக்கு, நிதானமான கை ஆகிய மூன்றும் கூடிய ஒரு தொழில், கிராமபோன் என்ற பெயரே தெரியாத காலத்திலிருந்து இம்மலைச்சாரலில் இருந்திருக்கிறது.

வெட்டுவதற்கு அரக்குத் தட்டு உதவாது, அது கடினம். 1930-களின் நடுவில், அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சுப் பூசிய தட்டுகள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வந்தன. வெட்டுக்கு இதமாக இருப்பதற்காகப் பூச்சில் ஆமணக்கெண்ணெயும் சேர்த்தார்கள். நாளடைவில், அதிலும் ஈரம் மிகுந்த இடத்தில், அந்த எண்ணெயிலிருந்து வெண்பொடி கசிந்து தட்டின்மேல் படியும். மூடுபனிப் பிரதேசத்தில் இவற்றை வைத்துக் காப்பாற்றுவது லேசல்ல. இன்னும் பெரிய ஆபத்து சீவலில் இருக்கிறது. ஊசி வெட்டிச் செல்லச் செல்ல, கூந்தல் இழை போன்ற கரிய சீவல் இடைவிடாமல் எழுந்து சுருளும். அதை வாக்குவம் கிளீனரின் குழாயால் அப்போதைக்கப்போது உறிஞ்சிக்கொள்ளாவிட்டால் ஊசியைச் சுற்றிக்கொண்டு வரியைக் குதறிவிடும். உறிஞ்சிய சீவலோ பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் ஜாதி. இத்தகைய தட்டுகளைச் செய்துவந்த அமெரிக்க ஆலைகளில் முக்கியமானதான அப்பலோ மாஸ்டர்ஸ், கலிபோர்னியாவில் 2020 பெப்ரவரி 6-ஆம் தேதி எரிந்து சாம்பலானபோது, உலகத்துக்கு அவற்றைத் தர ஜப்பானில் ஒரே ஓர் ஆலைதான் மிஞ்சியது. வீட்டில் வெட்டுகிறவர்கள் ஆகையால் பொலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் வட்டுகளை நாடுகிறார்கள். அவற்றை வெட்டலாம், மழுங்கிய வைர முனையால் சீவலே எழாமல் அழுத்தி வரிகீறவும் செய்யலாம். ஒலியில் கொஞ்சம் இரைச்சல் கூடுதல். ஆனால் வீடு பற்றி எரியாது.

பொருள் அகப்படாதபோது மனிதன் எதையும் தட்டாக்கிவிடுவான் என்பதற்கு லெனின்கிராட் நகரத்துக் கதை ஒன்று உண்டு. யுத்தம் முடிந்த மறுவருஷம் 1946-இல், நெவ்ஸ்கி வீதியில் ஸ்தானிஸ்லாவ் ஃபிலோன் என்பவர், டெலிஃபங்கன் கம்பனியின் பதிவுக்கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் குரலைத் தட்டில் வெட்டிக் கொடுக்கும் ஒரு சிறு நிலையத்தை நடத்தினார். பகலில் பேசும் கடிதங்கள். கடை சாத்திய பின் அரசாங்கம் விலக்கிய இசை. அங்கே போய் வந்த ருஸ்லான் பொகொஸ்லோவ்ஸ்கி என்னும் இளைஞர் அந்தக் கருவியின் அமைப்பை நுணுகிப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு, தாமே அதுபோன்ற ஒன்றைச் செய்துவிட்டார். தட்டுக்கு அவர் கண்டுபிடித்த பொருள், ஆஸ்பத்திரிகள் கழித்துவிட்ட எக்ஸ்ரே படம். அதைக் கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்கி, நடுவில் சிகரெட் நெருப்பால் துளையிட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு வெட்டினார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் தெரியும். ஊசியை வைத்தால் நாட்டை விட்டு வெளியேறிய பாடகரின் குரலோ ஜாஸ் வாத்தியமோ கேட்கும். தைகின் என்ற கவிஞர் முதலிய நண்பர்களோடு 'பொன் நாய்' என்ற பெயரில் இந்த வியாபாரத்தை நடத்திய பொகொஸ்லோவ்ஸ்கி 1950-இல் கைதாகிச் சிறை சென்றார். ஸ்டாலின் மறைந்த பின் விடுதலையாகி வந்து, மறுபடியும் வெட்டினார்.

நம் நாடுகளில் விலக்கு இல்லை. கவனிப்பாரற்ற நிலை இருந்தது. கிராமபோன் கம்பனியின் பிரதிநிதி ஃபிரெட் கைஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜான் முதலியோரை மெழுகில் பதிந்து, அந்த மெழுகுகளைக் கப்பலேற்றி ஜெர்மனியின் ஹனோவரில் அச்சடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தபோதிலும், எதைப் பதிவது என்பதைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகம்தான் தீர்மானித்தது. அதனால் நன்மை விளையாமல் இல்லை. வீணை தனம்மாள் 1932-இல் கொலம்பியா கம்பனிக்காக வாசித்த சில நிமிஷங்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. இலங்கையில் சி. ஜி. செலிக்மன் வேடர்களின் பாட்டை மெழுகு உருளைகளில் பதிந்தது 1908-ஐ ஒட்டிய காலத்தில். அது மானிடவியல் ஆராய்ச்சியின் பொருட்டு. மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கூலி ஜனங்களின் தாலாட்டும் ஒப்பாரியும் வியாபாரியின் கணக்கிலும் சேரவில்லை, ஆராய்ச்சியாளரின் கணக்கிலும் சேரவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டி அச்சேற்றியதால் சொற்கள் பிழைத்தன. அச்செழுத்துக்கு மெட்டு கிடையாது. அதே மக்கள் ஆடும் காமன் கூத்தில் ரதி அழும் இடத்தில் குரல் எங்கே இழைந்து எங்கே உடைகிறது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது.

இதற்கெல்லாம் கைத்தொலைபேசி ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகப் போதும், ஒலியும் இதைவிடச் சுத்தமாக இருக்கும் என்பதே நேர்மையான பதில். பதிவு செய்ய வேண்டியவர்கள் இன்றைக்கே தொலைபேசியில் பதிவு செய்துவிடட்டும். யந்திரம் முடியட்டும் என்று காத்திருந்தால் பாடுகிற பாட்டி காத்திருக்க மாட்டாள். என் அபிப்பிராயத்தில் இந்த யந்திரத்தின் சிறப்பு வேறு. அதில் ஒலி கண்ணுக்குத் தெரியும் பொருளாகிறது. பூதக்கண்ணாடியின் கீழ் தப்பின் அடியையும் குரலின் நடுக்கத்தையும் பக்கத்துப் பக்கத்து நெளிவுகளாகக் காட்டி, இது இன்னது என்று ஒரு சிறுவனுக்கு விளக்க முடிகிறது. மின்சாரமே இல்லாவிட்டாலும் ஓர் ஊசியும் காகிதக் கூம்பும் இருந்தால் தட்டு முணுமுணுக்கும்.

ரிவர்ஸ்டன் அடிவாரத்தில் இதற்கு முனைகிறவர் முதலில் சமாளிக்க வேண்டியது அந்தக் காற்றை. தகரக் கூரை படபடத்தால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் மேசை அதிரும். மேசையின் அதிர்வு வரியில் ஏறிவிடும். சுவரைத் தொடாமல் தரையிலிருந்து கட்டிய மேடையில் கனத்த கருங்கல் பலகையைப் போட்டு, அதன்மேல் யந்திரத்தை நிறுத்துவது உத்தமம். மழை கூரையில் விழும்போது வெட்டுவதை ஒத்திவைப்பது அதைவிட உத்தமம். மின்சாரத்தின் அழுத்தம் மலைப்பக்கத்தில் ஏறி இறங்கினாலும், ஸிங்கிரனஸ் மோட்டார் அதன் சுழற்சி எண்ணையே பின்பற்றுவதால் வேகம் பெரிதாகப் பிறழாது. சரிபார்க்க ஒரு மலிவான வழி உண்டு. காகித வட்டம் ஒன்றின் விளிம்பில் சம இடைவெளியில் 180 கறுப்புக் கோடுகளை வரைந்து சுழல்தட்டின்மேல் வைத்து, 50 சுழற்சி மின்சாரத்தில் எரியும் நியோன் விளக்கின் கீழே பார்த்தால், வேகம் 33⅓ ஆக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நின்றதுபோல் தோன்றும். முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம். பின்னே நகர்ந்தால் குறைவு.

தேயிலை ஸ்டோரில் யந்திரங்களைப் பழுதுபார்த்துப் பழகிய ஒரு கைக்கு இவற்றில் எதுவும் புதிதாக இராது. வீட்டில் செய்ய இயலாதது ஊசி ஒன்றுதான். மாணிக்கத்திலோ நீலக்கல்லிலோ வைரத்திலோ வெட்டுமுனை தீட்டப்பட்ட அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், கைதவறிக் கீழே விழுந்தால் முனை போய்விடும். பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு 51 சென்டிமீற்றர் தட்டு ஓடுகிறது, நடுவை நெருங்கும்போது 21 சென்டிமீற்றர்தான். உச்சநாதம் அங்கே நெருங்கி மங்கிவிடும். ஆர்ப்பாட்டமான பாட்டை முதலிலும் அமைதியானதைக் கடைசியிலும் வைக்க வேண்டும் என்பது இதனால் வந்த விதி, மங்களத்தோடு முடிக்கும் நம்முடைய கச்சேரி வழக்கத்துக்கு அது தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. இப்படி வெட்டிய தட்டைக் கேட்டுவிட்டு உறவினர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டால், அச்சடித்துக் கொடுக்க வழியில்லை. பத்துப் பேருக்குப் பத்துத் தட்டு தனித்தனியே வெட்ட வேண்டும்; நாலு நிமிஷப் பாட்டுக்கு ஒவ்வொரு முறையும் நாலு நிமிஷம், சீவலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும்.